வேலைப் பளுவா, மேலே இருப்பவரா: உடம்பைக் கெடுப்பது எது?

ஆகஸ்ட் 21, கேள்வி

தேவகோட்டை வாசகர் ஒருவர் எழுதியது: "ஜவுளிக்கடை, நகைக்கடை, ஓட்டல் என்று எங்கே போனாலும் முதலாளி சரியில்லை, சூப்பர்வைசர் சரியில்லை என்ற புலம்பல்தான். என் கணக்கில் ஆளைக் கெடுப்பது வேலைப் பளுவும் குறைந்த சம்பளமும். மேலே இருப்பவர் சிரித்துப் பேசினால் கால்வலி போய்விடுமா?"

ஆகஸ்ட் 21, இரவு

போகாது. ஆனால் கால் வலிக்கும்போது உட்காரலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது மேலே இருப்பவர்தான்.

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் கவுண்டரில் சேர்ந்து, சேலைப் பிரிவுக்கு சூப்பர்வைசராகி, பிறகு வெளியே வந்தவள் நான். இப்போது கானாடுகாத்தானில், பழைய வீட்டை ஓட்டலாக மாற்றிய ஓர் இடத்தில் அறைப் பராமரிப்பைப் பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் வேலைக்குக் குறைவில்லை. இங்கே முற்றமும் வளவும் தூணும் துடைத்து முடிவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். ஆனாலும் இங்கே ராத்திரி தூங்குகிறேன். அங்கே தூங்கவில்லை.

ஸ்டூல் விஷயத்தைச் சொல்கிறேன். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், இடைவெளி கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் கடையிலும் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். கவுண்டருக்குப் பின்னால் வரிசையாக இருந்தது. யாரும் உட்காரவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது சின்ன முதலாளி எந்தப் பக்கம் பார்ப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் "உட்காரும்மா, ஏன் நிக்கிறே" என்பார். அடுத்த நாள் அதே பெண் அதே ஸ்டூலில் இருந்தால், "கடைக்கு வந்திருக்கியா, கல்யாண வீட்டுக்கு வந்திருக்கியா?" என்று வாடிக்கையாளர் முன்னால் கேட்பார். அதற்குப் பிறகு யார் உட்காருவார்கள்? ஸ்டூல் மேல் சேலைக் கட்டுகளை அடுக்கி வைத்தோம்.

சட்டம் ஸ்டூலைக் கடைக்குள் கொண்டு வந்தது. அதில் உட்காரும் தைரியத்தைக் கொடுக்க வேண்டியவர் கடைக்குள்தான் இருந்தார்.

ஆகஸ்ட் 22

கேரளத்தில்தான் இந்த உட்காரும் உரிமை முதலில் வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், அங்கே 2018. அங்கேயும் அது ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி வாங்கியது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 25

"தூங்கவில்லை, அழுத்தம் என்பதெல்லாம் மனப்பிரமை, உடம்பில் காட்டுங்கள்" என்று தேவகோட்டைக்காரர் மறுபடி கேட்கிறார். காட்டலாம்.

2003-ல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது. மருத்துவமனையில் நர்ஸுகளுக்குக் கீழே உதவியாளர்களாக வேலை செய்கிற பெண்களின் கையில், நாள் முழுக்க ரத்த அழுத்தம் அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். சிலருக்கு வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு சூப்பர்வைசர். ஒருவர் நியாயமானவர் என்று அவர்களே சொன்னவர், இன்னொருவர் அப்படி இல்லை என்று சொன்னவர். வேலை ஒன்றே, பெண்ணும் ஒருத்தியே. பிடிக்காத சூப்பர்வைசரின் ஷிஃப்டில் மேல் அளவு சராசரியாக 15, கீழ் அளவு 7 கூடியிருந்தது. சில பேரைத்தான் அளந்தார்கள், அதனால் அந்த எண்ணையே வேதவாக்காக எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, ஒரே ஆளை இரண்டு பேருக்குக் கீழே வைத்துப் பார்த்தது. இவளுக்குப் பிறவியிலேயே அழுத்தம், இவளுக்கு வீட்டில் பிரச்சினை என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது.

15 என்பது என்ன என்று ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்களைக் கேளுங்கள். அவ்வளவைக் குறைக்க டாக்டர்கள் இரண்டாவது மாத்திரை எழுதுவதுண்டு.

ஆகஸ்ட் 30

கடுமையான ஆளுக்கும் நிலையில்லாத ஆளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் சொல்ல வந்ததே இதுதான், ஸ்டூல் பேச்சில் அது மூழ்கிவிட்டது.

எங்கள் பக்கம் கல்யாணச் சமையல் மேஸ்திரிகளைப் பார்த்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், விடியற்காலை பணியாரத்துக்கு மாவு கலக்கும்போதே குரலை உயர்த்திவிடுவார். உப்பு கூடினால் திட்டு, கரண்டி இடம் மாறினால் திட்டு. ஆனால் அவரிடம் ஆட்கள் பல வருஷமாக இருக்கிறார்கள். எதற்குத் திட்டுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். எதற்குத் திட்டமாட்டார் என்பதும் தெரியும். பந்தி முடிந்ததும் முதலில் உட்கார்ந்து சாப்பிடுவது உதவியாட்கள்தான், அவர் கடைசி. கூலி அன்றைக்கே கையில். நேற்று சரியாக இருந்தது இன்றைக்கும் சரி.

எங்கள் சின்ன முதலாளி அவ்வளவு சத்தம் போட்டதில்லை. பாதி நாள் இனிப்பாகவே பேசுவார். பில் கவுண்டரில் இருந்தபோது காலையில் வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அவர் காரை எப்படி நிறுத்தியிருக்கிறார் என்று. நேராக நிறுத்தியிருந்தால் நல்ல நாள், கோணலாக இருந்தால் கெட்ட நாள். இது விளையாட்டில்லை, பெரிய பெரிய பெண்கள் பேருந்திலிருந்து இறங்கியதும் காரைப் பார்த்துவிட்டுத்தான் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள்.

லண்டனில் 2016-ல் ஒரு பரிசோதனை. 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்தார்கள். கல்லைப் புரட்ட வேண்டும், அடியில் பாம்பு இருந்தால் கையில் சின்ன மின் அதிர்ச்சி. கண்டிப்பாக அதிர்ச்சி வரும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, வருமா வராதா என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. வியர்வை, கண்மணி விரிவது எல்லாம் அளந்து பார்த்தார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவில் இன்னொரு குழு இதையே மேலதிகாரி விஷயத்தில் பார்த்தது. எப்போதும் மரியாதையில்லாமல் நடத்தப்பட்டவர்களைவிட, ஒரு நேரம் நியாயமாகவும் ஒரு நேரம் அநியாயமாகவும் நடத்தப்பட்டவர்களுக்குத்தான் அழுத்தம் அதிகம்.

இதைப் படித்த அன்று அந்தக் கார்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 2

முந்தின குறிப்பை நேற்று மறுபடி வாசித்தேன். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. "அப்போ தினமும் திட்டினால் பரவாயில்லையா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பரவாயில்லை என்று நான் எழுதவில்லை, ஆனால் அப்படி எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அதை அடைத்துவிடுகிறேன்.

மேஸ்திரி வைவது உப்பை, கரண்டியை, நேரத்தை. ஆளின் பிறப்பை, குடும்பத்தை, உடம்பைச் சொல்லித் திட்டுகிற ஆள் வேறு ரகம். அவர் தினமும் ஒரே மாதிரி இருந்தாலும் அது கொடுமைதான். தொடர்ந்து இழிவுபடுத்தும் மேலதிகாரியின் கீழே இருப்பவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுகிறது, வீட்டிலும் சண்டை கூடுகிறது என்பது 2000-லிருந்தே ஆராய்ச்சிகளில் வருகிறது. பெண்களிடம் அது பாலியல் பேச்சாக மாறினால், வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். பத்துக்குக் குறைந்த கடை என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். இது பலருக்குத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மேஸ்திரியின் சத்தத்தையும் நான் மெச்சவில்லை. அவர் சத்தமில்லாமல் அதே ஒழுங்கோடு நடத்தினால் இன்னும் நல்லது. அவரிடம் ஆட்களைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒழுங்கு.

செப்டம்பர் 9

கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "முதலாளிக்கு உடம்பு இல்லையா? ஜிஎஸ்டி, பேங்க் வட்டி, ஆன்லைனில் பாதி விலைக்கு விற்கிறான், எல்லாவற்றுக்கும் நடுவில் நான் புன்னகை செய்துகொண்டு நிற்கணுமா?"

அண்ணே, புன்னகை வேண்டாம். நான் இந்த இழையில் ஒரு இடத்திலும் புன்னகை கேட்கவில்லை.

உங்கள் கஷ்டம் பொய் என்றும் சொல்லமாட்டேன். ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளிச் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டிய நேரத்தில் எங்கள் பெரிய முதலாளி எப்படி ஒடுங்கிப் போவார் என்று பார்த்திருக்கிறேன். சூரத்துக்காரனுக்கு ஒரு தேதி, ஈரோட்டுக்காரனுக்கு ஒரு தேதி, வங்கியில் ஒரு தேதி. அந்த வாரம் அவர் மதியம் சாப்பிடமாட்டார். ஆனால் பாருங்கள், அவர் ஒன்று செய்வார். எங்களைக் கூப்பிட்டு, "பதினஞ்சாம் தேதி வரைக்கும் பணம் இறுக்கம். அட்வான்ஸ் யாரும் கேக்காதீங்க. சம்பளம் ஒண்ணாம் தேதி வந்திரும்" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு வாரம் அவர் முகம் எப்படி இருந்தாலும் எங்களுக்குப் பயமில்லை. அது எங்கள் மேல் உள்ள கோபம் இல்லை என்று தெரியும்.

சின்ன முதலாளியிடம் அதே இறுக்கம் வேறு வழியில் வெளியே வரும். காரணம் சொல்லமாட்டார். திடீரென்று லீவெல்லாம் ரத்து. திடீரென்று பை சோதனை. நாங்கள் என்ன தவறு செய்தோம் என்று நாங்களே தேடுவோம்.

இன்னொன்று, குடும்பக் கடைகளில் மட்டும் நடப்பது. அப்பா ஒன்று சொல்வார், மகன் அதற்கு எதிராக ஒன்று சொல்வார். எங்கள் ஊர்ப் பருத்திச் சேலையான பழைய கண்டாங்கியை முன் ரேக்கில் வை என்பார் அப்பா. அதைப் பின்னால் தள்ளிவிட்டு ஃபேன்ஸியை வை என்பார் மகன். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள், சூப்பர்வைசர் மூலமாகத்தான் பேசுவார்கள். நான்தான் அந்தத் தபால். யார் சொன்னதைச் செய்தாலும் மற்றவருக்குக் கோபம். 2019-ல் காரைக்குடி கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு வந்தபோது ஊரெல்லாம் சந்தோஷம், எனக்கு மட்டும் இனி எந்த ரேக் என்ற கவலை. இந்த நிலையில் இருக்கும் சூப்பர்வைசர்கள் நம் ஊரில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். கீழே இருப்பவர்களை நாங்கள் கடிப்பது பெரும்பாலும் மேலே இப்படி இருப்பதால்தான். அண்ணனுக்கு ஒரே வேண்டுகோள்: நீங்களும் உங்கள் மகனும் கடை திறப்பதற்கு முன் பத்து நிமிஷம் பேசிவிட்டு, ஒரே சொல்லாகக் கீழே இறக்குங்கள்.

செப்டம்பர் 14

ஒருவர் "நம் முன்னோர் கொண்டுவிக்கப் போன காலத்தில் இதெல்லாம் சரியாக இருந்தது" என்று ஆரம்பித்து வைத்திருக்கிறார். செட்டியார்கள் வட்டித் தொழிலுக்குக் கடல் கடந்து போன காலத்தைச் சொல்கிறார்: ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு. என் தாத்தா செட்டியார் இல்லை. பினாங்கில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய இடத்தில், சமையல் செய்தவர். அவர் சொல்லக் கேட்ட வரையில் எழுதுகிறேன்.

ஒரு ஒழுங்கு இருந்தது, உண்மை. முதலாளி ஊரில் இருப்பார், கடையை நடத்துவது மேலாள். அவருக்கு அடுத்து அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். மேலாளுக்கு மூன்று வருஷக் கணக்கு, முடிந்தால் ஊர் திரும்பலாம். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை மேலாளே முடிவு செய்வார். கப்பலில் கடிதம் போய்த் திரும்பும் வரை காத்திருந்தால் தொழில் நடக்காதே. அந்த நம்பிக்கையைத்தான் இன்றைய கம்பெனிகள் பெரிய பெயர் வைத்துப் பேசுகின்றன.

ஆனால் தாத்தா அதைச் சொர்க்கமாகச் சொன்னதில்லை. மூன்று வருஷம் பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்க முடியாது. பெட்டியடிப் பையன்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வருவார்கள், ராத்திரி பாயில் படுத்து அழுவார்கள் என்பார். நல்ல மேலாள் அமைந்த பையன் தொழில் கற்று அடுத்தாள் ஆவான். கெட்ட மேலாளிடம் மாட்டியவனுக்கு மூன்று வருஷமும் தண்டனைதான். ஓடவும் முடியாது, நடுவில் கடல்.

அதனால் அந்தக் காலம் சரி, இந்தக் காலம் மோசம் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்கும் பையனின் கதி மேலாளின் கையில்.

செப்டம்பர் 15

செட்டிநாட்டு ஆச்சிகள் அந்த மூன்று வருஷமும் ஊரில் எப்படி வீட்டை நடத்தினார்கள் என்பதை யாராவது தனி இழையாக எழுதுங்கள். அது இதைவிடப் பெரிய விஷயம்.

செப்டம்பர் 27

போன வாரம் ஓட்டல் தரைக்கு நாலு கல் மாற்ற வேண்டியிருந்தது, கையாலேயே பூப்போட்ட தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குப் போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டத்துக்குள் கட்டமாகச் சாயம் கலந்த சிமெண்ட்டை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் பூ நிற்கிறது. மேலே காய்ந்த கலவை, அதற்கு மேல் ஈரக் கலவை, பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு காயவைப்பது. கடைசியில் கண்ணாடி தானாகக் கழன்று வரும். வெயிலில், குனிந்தபடி, நாள் முழுக்க. நம் தேவகோட்டை வாசகரின் கணக்குப்படி இவர்கள்தான் எல்லோரையும்விட நொந்துபோயிருக்க வேண்டும்.

அங்கே ஒருவரிடம் பேசினேன். இடுப்புவலி இருக்கிறது, கைத்தோல் வெடிக்கிறது, சம்பளம் போதவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். "மேலே இருக்கிறவர் எப்படி?" என்றேன். "சாயம் எவ்வளவு தண்ணியா இருக்கணும், எந்தக் கல்லை எப்போ எடுக்கணும், அது என் வேலை. அதுல அவர் தலையிடமாட்டார்" என்றார். அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

லண்டன் அரசு ஊழியர்களை 1985-லிருந்து தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு, வைட்ஹால் இரண்டாம் ஆய்வு என்பார்கள். 10,308 பேர். எல்லோரும் மேஜை வேலை, யாருக்கும் பசி இல்லை. ஆனாலும் தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்குச் சொல்லே இல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. அந்த உரிமையைக் கொடுப்பதும் பறிப்பதும் பெரும்பாலும் நேர் மேலதிகாரி.

ஸ்வீடன் ஆய்வையும் சேர்த்துவிடுகிறேன். ஸ்டாக்ஹோம் பகுதியில் வேலை செய்த 3,122 ஆண்களிடம் அவர்கள் மேலாளரைப் பற்றிக் கேட்டார்கள். தேவையான தகவல் தருகிறாரா, இலக்கைத் தெளிவாகச் சொல்கிறாரா, பொறுப்புக்கு ஏற்ற அதிகாரம் கொடுக்கிறாரா என்று. பிறகு சுமார் பத்து வருஷம் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். மேலாளரை உயர்வாக மதிப்பிட்டவர்களுக்கு இதய நோய் குறைவு. அதே இடத்தில் எவ்வளவு காலம் இருந்தார்களோ அவ்வளவுக்கு அந்த வித்தியாசம் கூடியது. பெண்களையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு.

அக்டோபர் 3

தேவகோட்டை வாசகர்: "சுற்றி வளைத்துச் சம்பளத்தை மறந்துவிட்டீர்கள்."

மறக்கவில்லை. சம்பளத்தில் நீங்கள் சொல்வது சரி, முழுக்கச் சரி. மாசக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லாதவருக்கு எந்த மேலாளரும் மருந்தாக முடியாது. முதலாளி அன்பாக இருக்கிறார், அதனால் சம்பளம் கேட்காதே என்று யாராவது என் எழுத்தைக் காட்டினால் அது அநியாயம்.

ஆனால் இதைக் கேளுங்கள். அமெரிக்காவில் நான்கு மருத்துவமனைகளில் நர்ஸுகளை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வந்தது. இரண்டில் சம்பள முறையை மாற்றியதால் வருமானம் குறைந்தது. அங்கே நர்ஸுகளுக்குத் தூக்கம் கெட்டது. ஆனால் அந்த இரண்டில் ஒரு மருத்துவமனையில் மட்டும் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மரியாதையாகப் பேசுவது, காரணத்தை விளக்குவது, காது கொடுத்துக் கேட்பது. அங்கே தூக்கக் கேடு கணிசமாகக் குறைவு, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. பணம் போனது போனதுதான், அதற்காக அவர்கள் சந்தோஷப்படவில்லை. ஆனால் ராத்திரி கண்ணை மூட முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்பது ஒரு பரிந்துரை. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் வருஷத்துக்கு 1,200 கோடி வேலை நாட்கள் உலகத்தில் வீணாகின்றன என்பது அவர்கள் கணக்கு.

நம் ஊரில் சூப்பர்வைசருக்கு என்ன பயிற்சி? எனக்குக் கொடுத்தது ஒரு சாவிக்கொத்தும் ஒரு விசிலும். விசில் எதற்கென்றால், பெண்கள் பேசிக்கொண்டிருந்தால் ஊத.

நான் அதை ஊதியதில்லை.

அக்டோபர் 11

தம்பி ஒருவர் தீபாவளிக்கு மட்டும் ஒரு கடையில் சேரப் போகிறாராம், எப்படிப்பட்ட இடம் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா என்கிறார்.

சேருவதற்கு முன் ஒரு தடவை வாடிக்கையாளராகப் போங்கள் தம்பி. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில். ஸ்டூல் இருக்கிறதா, அதில் ஆள் இருக்கிறார்களா, சேலை இருக்கிறதா என்று பாருங்கள். மேலாளர் பக்கத்தில் வரும்போது பேச்சு சட்டென்று நிற்கிறதா, தொடர்கிறதா என்று கவனியுங்கள். சேரும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: வார லீவு எந்தக் கிழமை, அது மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள், கல்லாவில் பணம் குறைந்தால் என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்கு "உன் சம்பளத்தில் பிடிப்போம்" என்று உடனே பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். "முதலில் கணக்கைச் சரிபார்ப்போம்" என்றால் சேரலாம். கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வேறு வழியில்லாமல் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால், மேலே சொல்வதை ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நேற்று இதைத்தான் சொன்னீர்கள் என்று அவரிடம் காட்டுவதற்கு இல்லை. நாம் சரியாகத்தான் செய்தோம் என்று நமக்கே ஒரு ஆதாரம் வேண்டியிருக்கிறது.

கடைக்கார அண்ணன் நேற்று எழுதியதையும் பார்த்தேன். மகனோடு பேச ஆரம்பித்திருக்கிறாராம், முதல் நாளே சண்டையாகிவிட்டதாம். ஆகட்டும் அண்ணே. உங்கள் இரண்டு பேருக்குள் ஆகட்டும், ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் ஆகட்டும். அடுத்த வாரம் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.